குகதாசனின் வில்லுக்கத்திகள்

பொதியைப் பிரிப்பதற்கு முன் குகதாசன் கைகளைக் கழுவித் துடைக்கிறார். சாப்பாட்டு மேசையிலிருந்த ஊறுகாய்ப் போத்தலைத் தள்ளி வைக்கிறார். வாரப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தை விரித்து அதன் நடுவில் பொதியை வைக்கிறார். பிறகு காற்சட்டையின் இடப்பக்கப் பையிலிருந்து ஒரு வில்லுக்கத்தியை எடுத்து, நகத்தால் அலகைத் திறந்து, ஒட்டுநாடாவை ஒரே இழுவையில் கீறுகிறார். அமெரிக்காவிலிருந்து வரும் வில்லுக்கத்தியின் பொதியை, அமெரிக்காவிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்ட வில்லுக்கத்தியால் மட்டுமே திறக்கலாம் என்பது இந்த வீட்டின் சட்டம். கத்தரிக்கோலுக்கு அனுமதி இல்லை.

"முதல் வந்தவர்தான் பிறகு வாறவரைக் கூப்பிடவேணும். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே வந்து சேர்ந்தவை" என்பார்.

புதியவர் வெளியே வந்ததும் வலக்காதருகே பிடித்து மூன்று தரம் திறந்து மூடுவார். உள்ளே இருக்கும் வில் இறுக்கமாக இருந்தால் அலகு 'டக்' என்று விழும். "கதைக்குது" என்று சொல்லித் தலையாட்டுவார். சில சமயம் கதைக்காது. அதற்காகத் திருப்பி அனுப்பியது கிடையாது. "வந்திட்டான். இனி எங்க போவான்?" என்று அதையும் சேர்த்துக்கொள்வார்.

வின்டர்தூருக்கு அடுத்த ஒரு சிற்றூரில், மூன்றாம் மாடியில், இந்தக் குடியேற்றம் ஒன்பது வருடங்களாக நடக்கிறது. கத்திகள் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஆளுக்கொரு காலுறைக்குள் உறங்குகின்றன. கட்டடத்தின் பொதுச் சலவையறையில் சோடியைத் தொலைத்துவிட்டு வந்த ஒற்றைக் காலுறைகள் அவை. எவையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விருந்தாளிக்குக் காட்டும் கத்திகள் அல்ல. அமெரிக்க மாட்டுக்காரர்கள் அழுக்குக் காற்சட்டையில் போட்டுத் திரியும் மலிவு ரகம்: மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, இரண்டோ மூன்றோ அலகு, கவனிக்காவிட்டால் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும் உருக்கு.

"மான்கொம்புப் பிடி போட்டும் விக்கிறாங்கள். அது பாக்கிறதுக்கு. இது வெட்டுறதுக்கு."

குகதாசனுக்கு வயது ஐம்பத்தைந்து. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அங்கே சொந்தக் கத்தி கொண்டுபோகச் சுகாதார விதி இடம் கொடுக்காது என்பதால், வெங்காய மூட்டையின் நூலை அறுப்பதற்கு மட்டும் பின்கதவுக்கு வெளியே வந்து தன் கத்தியைப் பயன்படுத்துவார். அதுவே அவருடைய புகை பிடிக்கும் இடைவேளை. வீட்டிலும் நிலைமை அதுதான். மனைவி சிவகலா, பள்ளிக்கூடம் துப்புரவு செய்பவர், இந்தக் கத்திகளைத் தன் அடுப்படிக்குள் விடுவதில்லை. ஒருமுறை தேசிக்காய் வெட்டப்போய் அலகு கறுத்து, தேசிக்காயும் கறுத்து, அன்றைய சொதியில் ஆணி மணத்தது. அன்றோடு தடை.

சுவிற்சர்லாந்தில் இருந்துகொண்டு ஒருவர் அமெரிக்கக் கத்தி வாங்குவதா என்று கோயிலில் கேட்காதவர்கள் இல்லை. அவருக்குப் பதில் தயாராக இருக்கிறது. சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் கொண்ட உள்ளூர்க் கத்திகள் அவரிடம் நான்கு உண்டு. ஒன்றையும் வாங்கியதில்லை, எல்லாம் கொடுக்கப்பட்டவை. நூல் ஆலை மூடியபோது ஒன்று. விடுதி கைமாறியபோது ஒன்று. இயந்திரம் வந்து ஆட்களைக் குறைத்தபோது ஒன்று, அதில் பெயரும் பொறித்திருந்தது, ஓர் எழுத்து பிழையாக. நான்காவது எந்த வேலைக்கானது என்று அவருக்கே இப்போது ஞாபகம் இல்லை.

"மனேச்சர் சிவப்புப் பெட்டியோட சிரிச்சுக்கொண்டு வந்தால், அண்டைக்குப் பின்னேரமே வேற வேலை தேடத் தொடங்கவேணும்."

அமெரிக்கக் கத்தியை அவர் முதன்முதலாகக் கண்டது 2009 மே மாதத்தின் கடைசி வாரத்தில். அந்த வாரம் தொலைக்காட்சியை அணைத்தார். தமிழ் இணையத்தளங்களை மூடினார். தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. கணினியில் எதையோ தட்டப்போய், தொப்பி போட்ட ஒரு பருத்த அமெரிக்கர் வீடியோவில் வந்தார். ஒரு கொட்டகைக்குள் நின்றுகொண்டு நாற்பது நிமிடம் ஒரு மஞ்சள் கத்தியைத் திறந்தார், மூடினார், ஒரு தக்காளியை அரிந்தார், ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்தார், எண்ணெய் போட்டார். குகதாசனுக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். முழுவதையும் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"அந்த மாதம் நான் பாத்ததுக்குள்ள, அதிலதான் ஒருத்தரும் சாகேல்லை."

எண்ணெய் விடயத்திலும் அந்த அமெரிக்கர் சொன்னதே வேதம். கனிம எண்ணெய்தான் போடவேண்டுமாம். அது இங்கே மருந்துக்கடையில், மலச்சிக்கலுக்கான பரஃபீன் எண்ணெய் என்ற பெயரில் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குகதாசன் ஒரு போத்தல் வாங்குகிறார். மருந்துக்கடைப் பெண்மணி ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்தி, பழமும் கீரையும் நிறையச் சாப்பிடும்படி கேட்டுக்கொள்கிறார். அவர் பணிவாகத் தலையாட்டுகிறார். இந்த நாட்டில் கத்திக்காக என்று விளக்கப்போவதைவிட வயிற்றுக்காக என்று விட்டுவிடுவது நல்லது என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு தடவை அவர் விளக்கப்போனார். அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கு முன் தில்லைநாயகியைப் பற்றி. அவர் குகதாசனின் ஒரே அக்கா. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஆகவே அவர் எந்த விமானத்திலும் ஏறமுடியாது. தம்பியும் அக்காவும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது 1991இல், கொழும்பில் ஒரு லொட்ஜ் படிக்கட்டில். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, அங்கே காலை பத்து மணி, இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து அக்கா வீடியோவில் வருவார்.

"டேய் கத்திக்காரா, இந்தக் கிழமை ஆரடா வந்திறங்கினது?"

"மூண்டு அலகுக்காரன் ஒருத்தன், அக்கா."

"உன்ர கத்திக்கெல்லாம் கடல் தாண்டத் தெரியுது. உனக்குத் தெரியேல்லை."

குகதாசன் கனடா விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும், பார்க்கப் போகிறவர் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று கனடா எழுதியது. வருடக்கணக்காக வேலையையும் வீட்டையும் விட்டு வெளியே போகாத மனிதரைப் பற்றி எழுதப்பட்டது இது. சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் விசா என்ற பேச்சே இல்லை. ஆகவே குடியுரிமை. மகள் ஹரிஷா பதினேழு வயதிலேயே தனக்கு எடுத்துக்கொண்டவள். அவள் இரண்டு குளிர்காலம் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். ஓடையின் பெயர், தீயணைப்பு நிலையம் கட்டிய வருடம், எந்தப் போத்தலை எந்தத் துவாரத்தில் போடுவது, எல்லாம் மனப்பாடம்.

நேர்முகம் ஊராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர். ஓடை சரி. தீயணைப்பு சரி. போத்தலில் பாராட்டே கிடைத்தது. பிறகு, ஊரில் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"வேலையில்" என்றார் குகதாசன்.

முதலாம் ஆகஸ்ட், தேசிய நாளை எங்கே கொண்டாடுகிறீர்கள்?

"சமையலறையில். அன்றைக்கு மற்ற எல்லாருக்கும் விடுமுறை."

ஐந்து பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதின. அவர்களில் இரண்டு பேரின் தாய்மார் அவர் வேலை செய்யும் இல்லத்தில்தான் இருக்கிறார்கள் என்பதும், அந்தத் தாய்மார் அன்று சாப்பிட்ட சூப்பு அவர் காய்ச்சியது என்பதும் கேள்வித்தாளில் இல்லாத விடயங்கள்.

எல்லாம் முடிந்து, ஆளுக்கொரு கிளாஸ் வைன் குடிக்கும் வழக்கப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். நாடா இறுக்கமாக ஒட்டியிருந்தது. தலைவர் தன் பையைத் தடவினார். "யாரிடமாவது சக்மெஸ்ஸர் இருக்கிறதா?" என்று சிரித்தார். ஐந்து சுவிஸ் குடிமக்களும் தங்கள் பைகளைத் தடவினார்கள். சட்டைப்பைக் கத்தி ஒருவரிடமும் இல்லை. இன்னும் குடிமகனாகாத ஆறாவது ஆளிடம் இருந்தது.

குகதாசன் எழுந்தார். மஞ்சள் கத்தி வெளியே வந்தது. ஒரே இழுவை. தலைவர் விசில் அடித்து, கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். "இது எங்கள் நாட்டதில்லையே?"

அந்த மாலை முழுவதும் டொச் என்னும் ஜெர்மன் மொழியை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. ஏழு நிமிடம் பேசினார். வில்லைப் பற்றி, உருக்கைப் பற்றி, கொட்டகை அமெரிக்கரைப் பற்றி. கடைசியில் மனம் நிறைந்து சொன்னார்: "உங்கள் கத்தி நல்ல கத்தி. கறுக்காது, துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது. அதற்கு ஓர் ஆள் தேவையில்லை. இதற்கு ஆள் வேண்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துக்கொண்டே கத்தியை மூடினார். உள்ளூர்க் கத்தியின் மென்மையான வில்லுக்குப் பழகிய பெருவிரல், அமெரிக்க வில்லின் வழியில் நின்றது. 'டக்' என்று கதைத்தது கத்தி. குகதாசனின் கோப்பின் மேலட்டையில், பெயருக்குக் கீழே, ஒரு சொட்டு இரத்தம் விழுந்தது.

ஒரு பெண்மணி கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்தார். தலைவர் விரலைச் சூப்பியபடி, பரவாயில்லை, பண்ணையில் இதைவிட எவ்வளவோ என்றார். உண்மையில் நல்ல மனிதர்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதில் கத்தி இல்லை. விரல் இல்லை. உள்ளூர் வாழ்வில் போதிய அளவு வேரூன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆக, அவர் சுவிஸுக்குத் திரும்பி வரமாட்டார் என்று கனடா சொன்னது. அவர் இன்னும் சுவிஸுக்கே வந்து சேரவில்லை என்று சுவிஸ் சொன்னது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் குகதாசன் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார்.

"கத்தியாலதான் வந்தது. என்ர வாயாலயும் கத்தியாலயும்" என்றார் கடிதத்தை மடித்தபடி.

"கத்தியால இல்லையப்பா" என்றார் சிவகலா, கறிச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கத்தி இல்லாமப் போயிருந்தாலும் எங்கட முகத்தையும் கொண்டுதானே போயிருப்பியள்."

ஹரிஷாவுக்குக் கோபத்தில் டொச்சும் தமிழும் கலந்து வந்தது. "ரெக்குர்ஸ் போடுவம் அப்பா. மேன்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கு. நான் எழுதுறன். நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ."

"ரெக்குர்ஸ் போட்டால் எவ்வளவு காலம்?"

"ஒரு வருசம். சிலவேளை கூட."

"போடாட்டி இரண்டு வருசம்." அவர் கடிதத்தை உறைக்குள் செருகினார். "அக்கான்ர கிட்னிக்கு ஆர் பிள்ளை ரெக்குர்ஸ் போடுறது?"

அவள் எழுதினாள். அவர் கையெழுத்தும் வைத்தார், மாட்டேன் என்று சொல்லத் தெரியாத காரணத்தால். கையெழுத்து வைத்த அன்று பின்னேரம் இன்னுமொரு கத்திக்கு எழுதிப் போட்டார். "பாஸ்போட் வரும் எண்டு தபால்பெட்டியைப் பாத்துக்கொண்டு இருக்கிறம், கத்தி வந்துகொண்டிருக்கு" என்று சிவகலா கோயிலில் சொல்லிச் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். சிவகலா அவர்களை விடக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்.

அக்காவிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. நேர்முகம் நடந்தது மட்டும் அவருக்குத் தெரியும். கடந்த சனிக்கிழமை நாலு மணிக்குத் தில்லைநாயகி வந்தபோது முகம் இன்னும் சிறுத்திருந்தது. தோளுக்குப் பின்னால் இயந்திரம் ஏதோ ஒரு பச்சை இலக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தது. மாம்பழம் கூடாதாம், தோடம்பழம் கூடாதாம், இளநீர் நினைக்கவே கூடாதாம்.

"எல்லாத்தையும் மறிச்சுப்போட்டாங்கள். அப்பிள் மட்டும் ஒரு துண்டு தின்னலாமாம். அதையும் ஆர் வெட்டித் தாறது? பிள்ளையள் வேலைக்குப் போட்டுதுகள்." பிறகு கண்ணைச் சுருக்கிக் கமராவுக்குக் கிட்ட வந்தார். "தம்பி, உங்கட ஊர்க் கடிதம் வந்ததோ?"

குகதாசன் எழுந்துபோய் ஓர் அப்பிளோடு திரும்பி வந்தார். தொலைபேசியை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்தார். வில்லுக்கத்தியைத் திறந்து, தோலை ஒரே சுருளாகச் சீவி, விதையைக் கவனமாக அகற்றி, மெல்லிய துண்டாக ஒன்று அரிந்தார். வராந்தாவில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த சிவகலா மடிப்பதை நிறுத்தினார்.

குகதாசன் அந்தத் துண்டைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

தில்லைநாயகி அதைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, மூடி, வாயில் இல்லாத துண்டை மெல்லத் தொடங்கினார்.