இத்தோவுக்கு லீவு

மராகேஷ் நகரத்திலிருந்து வரும் வேனின் கதவு முழுதாகத் திறப்பதற்குள் ஹம்மு எண்ணத் தொடங்கிவிடுவார். பதினான்கு தலைகள். வழியில் எண்ணெய்க் கடையில் ஒரு மணி நேரம் உட்காரவைக்கப்பட்ட இந்தத் தலைகளுக்கு, உஸூத் அருவியில் ஒதுக்கப்பட்டது நாற்பது நிமிடம். யாராவது கேட்டால், "அருவி எங்கயும் ஓடிராது. எண்ணெய் தீந்துருமில்ல?" என்பார்.

வழிகாட்டி வேலையில் இருபது வருடம். அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமென்று வளர்த்த குரலை வீட்டிலும் இறக்குவதில்லை. மனைவியோடு நடக்கும் சண்டை, சமாதானம் இரண்டும் கீழே சாப்பாட்டுக் கடையில் தஜீன் சட்டி கிளறும் எனக்கே கேட்கும்.

அவர் பெயர் பரவியது இத்தோவால். பாறை உச்சியை விட்டு இறங்காத குரங்குக் கூட்டத்திலிருந்து, எட்டு வருடத்துக்கு முன் கடலை காட்டி ஒரு குட்டியைப் படிக்கட்டுக்கு வரவழைத்தார். பெயர் வைத்தார். பயணிகளின் தோளில் ஏறப் பழக்கினார். இப்போது சுற்றுலா விளம்பரத் தாளில் இத்தோ முன்னால், அருவி பின்னால்.

போன வாரம் இத்தோ ஒரு குழந்தையின் பிஸ்கட்டை விரலோடு சேர்த்துக் கடித்துவிட்டது. வனக்காவலர் தாவூத் வந்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அது படிக்கட்டுல தெரிஞ்சா கூண்டுதான், ஹம்மு. வேற மலைக்குக் கொண்டுபோயிருவாங்க. கூட்டத்த விட்டா அது பிழைக்காதுன்னு உனக்கே தெரியும்."

"கடிச்சது அது, கத்துக்கொடுத்தது நான். என்னைக் கூண்டுல போடுங்க."

"உனக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது."

அன்றிலிருந்து ஹம்முவிடம் கடலை இல்லை. நேற்று வியாழன். ஓர் அம்மாள் அந்த விளம்பரத் தாளை நீட்டி, "இந்தக் குரங்கு எங்கப்பா?" என்றாள்.

"அதுக்கு லீவும்மா."

பதினான்கு பேரையும் என் கடையில் உட்காரவைத்துவிட்டுப் படியேறினார். லீவில் இருந்த இத்தோ மேலிருந்து இறங்கி வந்தது.

"போடி மேல. வராதடி" என்று கத்தினார். எட்டு வருடமாக அந்தக் குரல்தான் அதற்குச் சாப்பாட்டு அழைப்பு. இன்னும் இரண்டு படி இறங்கியது.

ஹம்மு இரண்டு கல் பொறுக்கினார். ஒன்றை எறிந்தார். அதை நோக்கி எறிய அவர் கைக்கு ஒரே விதம்தான் தெரியும். கல் மெத்தென்று அதன் காலடியில் போய் விழுந்தது.

இத்தோ அதை எடுத்துக் கடித்தது. திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் கடித்தது. பிறகு கீழே வைத்துவிட்டு, அவரருகே வந்து உள்ளங்கையை நீட்டியது.

ஹம்மு, மீதிக் கல் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.