இருளாண்டி மாட்டிய அட்டை

என் கடையில் பூண்டு மூட்டை இறங்கிக்கொண்டிருந்த காலை நேரத்தில் பேச்சியம்மாள் போன் செய்தார். சிம்மக்கல்லில் அந்த நேரத்தில் யார் பேசினாலும் பாதிதான் காதில் விழும். “அண்ணே, அவரு நம்மள விட்டுட்டுப் போயிட்டாருண்ணே” என்றது மட்டும் முழுதாக விழுந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று ஷெட்டில் உட்கார்ந்த அவர் கணவர் எழுந்திருக்கவே இல்லையாம். தராசில் இருந்த மூட்டையை இறக்கச் சொல்லவும் தோன்றாமல் நின்றேன்.

பசுமலை டீசல் மெக்கானிக் முத்திருளாண்டி. இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் வண்டி விட்டவர்கள். ஆயில் ஊற்றாமல் ஓடவிட்டு ஒரு இஞ்சினைக் கெடுத்தவர் என்ற கதையும் உங்களுக்குத் தெரியும். அந்த இஞ்சின் என் பிக்கப்பினுடையது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் லோடோடு வந்த என் பழைய பிக்கப், நாகமலை புதுக்கோட்டை அருகே புகை கக்கி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துப் போனோம். இருளாண்டி இஞ்சினைப் பிரித்து, பிளாக்கில் ஓடிய விரிசலை விரலால் தடவிக் காட்டினார். “அண்ணே, இதுக்கு வைத்தியம் பாக்குறது பொணத்துக்கு ஊசி போடுற மாதிரி. வேற இஞ்சின்தான்.” பழைய இஞ்சின் விற்கும் கடைகளுக்கு அவரே என்னோடு அலைந்தார். புது பெயின்ட் அடித்ததை நான் காட்டினால், “பவுடர் போட்ட மூஞ்சியப் பாக்காதீங்க, மூச்சைப் பாருங்க” என்பார். நான்காவது கடையில் அழுக்கேறிக் கிடந்த ஒன்றை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் தலையாட்டினார்.

அப்போது என் நிலைமை மோசம். முந்தைய மழையில் வெங்காயம் முழுக்க அழுகிப் போயிருந்தது. வண்டியை விற்றுவிட்டுத் தன் மில்லுக்கு வேலைக்கு வரச் சொல்லி மாமனார் நெருக்கிக்கொண்டிருந்தார். சகுனம் பார்க்கிற மனிதர். இந்த வண்டி ஓடினால் நான் வியாபாரி. ஓடாவிட்டால் மாமனார் வீட்டு ஆள்.

இஞ்சின் ஏற்றி முடித்த வெள்ளிக்கிழமை, ஷெட்டிலேயே பூஜை. மாமனாரும் வந்திருந்தார். மாலை, சூடம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். கடைசியாக ஆயில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அதை வாங்கக் கிளம்பிய இருளாண்டி என்னிடம் மட்டும், “ஆயில் இன்னும் ஊத்தலண்ணே. நான் வார வரைக்கும் சாவியத் தொடாதீங்க” என்றார்.

பத்தரைக்கு ராகு காலம். பத்து இருபத்தைந்து ஆகியும் அவர் வரவில்லை. மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் போகுது மாப்ள. பழத்து மேல ஏத்தி இறக்குங்க.” ரெண்டு நிமிடம் ஓடினால் என்ன ஆகிவிடும் என்று சாவியைத் திருகினேன். பிடித்துக்கொண்டது. பெருமையில் மிதித்து உறுமவும் விட்டேன். பழத்தை நசுக்கி, வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கிரீச்சென்று சத்தம். இஞ்சின் இறுகி நின்றது.

வாசலில் ஆயில் கேனோடு இருளாண்டி. என் முகத்தைப் பார்த்தார். மாமனார் முகத்தைப் பார்த்தார். “ராசியே இல்லாத…” என்று மாமனார் ஆரம்பித்ததும் குறுக்கே பேசினார்.

“ஐயா, ஆயில் ஊத்தியாச்சு, எடுங்கன்னு அண்ணன்ட்ட நான்தான் சொன்னேன். ஊத்தலங்கிற நினைப்பு அப்புறம்தான் வந்து கடைக்கு ஓடுனேன். ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. என் மண்டைதான் சரியில்ல.”

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, கிராங்கைக் கடைந்து, பேரிங் மாற்றி, பத்தாம் நாள் ஓடவிட்டார். இன்றும் அதே இஞ்சின்தான் ஓடுகிறது. கதையும் கூடவே ஓடியது. அவரிடம் வந்துகொண்டிருந்த பள்ளி வேன்கள் வேறு ஷெட்டுக்குப் போயின. வண்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாம், “ஆயில் ஊத்திட்டியா மாப்ள?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். “ஊத்திட்டேண்ணே, வேணும்னா ஒரு மடக்குக் குடிச்சுப் பாருங்க” என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் கையில் இருக்கும் வண்டிகளின் ஸ்டீயரிங்கில் ஓர் அட்டை தொங்கும்: “ஆயில் இல்லை. சாவியைத் தொடாதே.” தன் தவறுக்கு அவரே போட்டுக்கொண்ட தண்டனை என்று நீங்கள் நினைத்தீர்கள். அது என்னைப் போன்றவர்களுக்காக.

ஒருமுறை, “சொல்லிரட்டுமா மாப்ள?” என்று கேட்டேன். “பெரியவர் இருக்க வரைக்கும் வேணாம்ணே” என்றார். மாமனார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. தடை போன பிறகும் நான் சொல்லவில்லை. பொங்கல் போகட்டும், சித்திரை வரட்டும் என்று தள்ளினேன். வியாபாரிக்குப் பேர்தான் முதல் என்று நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவன் நான். அவர் பேரை முதலாகப் போட்டு என் கடையை நடத்தியிருக்கிறேன்.

இருளாண்டி வீட்டு வாசலில் மாலையோடு நின்றபோது பக்கத்தில் ஒருவர், “தங்கமான ஆளு. அந்த ஒரு இஞ்சின்லதான் சறுக்கிட்டாப்ல” என்றார். பேச்சியம்மாளிடம் போய், “தாயி, அது நான்” என்றேன்.

“தெரியும்ணே. அன்னைக்கே சொன்னாரு. ‘அண்ணனுக்கு மனசு வாரப்ப அவரே சொல்லுவாரு, நீ கேட்றாத’ன்னாரு.”

எட்டு வருடம் காத்திருந்திருக்கிறார் மனிதர்.

அந்த அட்டையைக் கேட்டு வாங்கிவந்தேன். கிரீஸ் விரல் பதிந்த அட்டை. என் பிக்கப்பின் ஸ்டீயரிங்கில் மாட்டியிருக்கிறேன். காலையில் அதை எடுத்து வைத்துவிட்டு, ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்த பிறகுதான் சாவி போடுகிறேன். யாராவது அந்தக் கதையை எடுத்தால் இனி நீங்களும் திருத்துங்கள். சாவியைத் தொடாதீர்கள் என்றுதான் இருளாண்டி சொல்லிவிட்டுப் போனார். தொட்டது என் கை.