புத்தகத்துக்குள் இருந்த விண்ணப்பம்

சுதந்திரம் வந்த மறு வருஷம், திருவனந்தபுரத்தில் சட்டக் கல்லூரி சேர்க்கைப் பரீட்சைக்கு நானும் நண்பன் சிவதாணுவும் ஒரே புத்தகத்தை வைத்துப் படித்தோம். இருவரின் விண்ணப்பங்களையும் அந்தப் புத்தகத்துக்குள் வைத்து நான்தான் கொண்டுபோனேன். கொடுத்தாயிற்று என்று வந்து சொன்னேன். கெடு முடிந்த மூன்றாம் நாள் பக்கம் புரட்டும்போது அவனுடைய விண்ணப்பம் உள்ளேயே கிடந்தது.

நான் வாய் திறக்கவில்லை. தர்க்கப் பாடம் எனக்கு ஏறாது. அவன்தான் தினமும் வந்து சொல்லித்தந்தான். உண்மையைச் சொன்னால் வருவதை நிறுத்திவிடுவான் என்று பயந்தேன்.

பரீட்சையன்று வாசலில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இல்லை.

"ஆபீஸ்லதான் எங்கயோ தொலச்சிட்டானுவ. நீ கொண்டு குடுத்தேல்லா," என்றான். "சாரமில்லடே, போனாப் போவுது. நீ போயி எழுது. மணியாச்சு."

தன் பேனாவையும் என்னிடம் தந்தான்.

நான் தேறினேன். அவனை அவன் அப்பா சாலைக் கடைத்தெருவில் தம் அரிசிக் கடையில் உட்காரவைத்துவிட்டார்.

இப்போது நான் வக்கீல். கட்சிக்காரர் காகிதம் எதையும் குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்புவதில்லை. நானே தாக்கல் செய்து ரசீதை அவர் கையில் கொடுக்கிறேன். அதனால் சிவதாணுவுக்கு ஒன்றும் திரும்பி வராது. இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அவன் வாராவாரம் வாங்குகிறான். அவன் பெயரை நான் மாற்றி எழுதவில்லை.