வெள்ளிக்கிழமை விட்ட பதிப்பு

ஒன்பது வருடங்களுக்கு முன், தேதிகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக வைத்தேன். அன்றிலிருந்து முன்பின் தெரியாத பல பேருக்கு நான் சம்பளமில்லாத வேலைக்காரன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் மாட்டுக்குக் கொம்பு கோணல், வால் குட்டை என்றுகூடப் புகார் எழுதுவார்கள்.

அதில் ஒரு பழைய பகுதி இருந்தது. “இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா? நீக்கப் போகிறேன்” என்று அறிவிப்புப் போட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். ஈ காக்கைகூடப் பதில் சொல்லவில்லை. நீக்கினேன். வெள்ளிக்கிழமை மாலை புதுப் பதிப்பு எதையும் வெளியிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த விதி. ஏதாவது கெட்டால் பலருக்குச் சனி ஞாயிறு போய்விடும். நானோ நல்ல நாள்தானே என்று வெள்ளிக்கிழமையே வெளியிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பெங்களூரை அடுத்த சந்தாபுரா வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மனைவி போனில் மன்றாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியில் இதே தொழில்தான், வேறு கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை தங்கவயலில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத வீடு. அக்காதான் முன்னால் நிற்க வேண்டும். மதிய ரயிலைப் பிடிக்க வேண்டிய நேரத்தில், ஒரு ரிப்போர்ட் ஓடவில்லை, அது சரியாகாமல் நகரக் கூடாது என்கிறார் மேலாளர்.

போனை வைத்துவிட்டுக் கத்தினாள். “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! தேதி மாத்துற பேக்கேஜுங்க. எவனோ ஒரு கஸ்மாலம் நோண்டி வச்சிருக்கான். கையில கெடச்சான்னா இருக்குது!”

கத்தி என் கையில் அப்படியே நின்றது. நான் இணையத்தில் ஏதோ ஓசி வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டதில்லை. அங்கே எனக்குப் புனைபெயர் வேறு.

சற்று நேரத்தில் என் போனில் புதுப் புகார் வந்தது. “மதிப்புக்குரிய ஐயா, தங்கள் உழைப்புக்கு மிக்க நன்றி. தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்...” என்று ஆங்கிலத்தில், என் மனைவியின் பெயரில். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய், நீக்கியதைத் திரும்பச் சேர்த்து அரை மணியில் வெளியிட்டேன். கூடத்தில் ஒரே கூச்சல். “ஏங்க, ஓடிடுச்சு! யாரோ மகராசன், கேட்டதும் செஞ்சு குடுத்துட்டான். நல்லா இருக்கணும் அவன்!”

ஒன்பது வருடத்தில் யாரும் என்னை அப்படி வாழ்த்தியதில்லை. சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. “அது நான்தான்” என்றேன்.

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“செஞ்சு குடுத்தது நீங்கன்னா, கெடுத்தது?”

ஆட்டோ வந்து நின்றது. பையைத் தூக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க ஸ்டேஷனுக்கு வர வேணாம். இன்னும் யாரு ஊட்டு வளைகாப்பு நிக்குதோ, போய் அதப் பாருங்க.”

கதவைச் சாத்திவிட்டு வந்து, படிக்காமல் விட்டிருந்த புகார்களைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன்.