அரசப்பன் வாங்கிய ரெட்டைப் பிக்கப் கிடார்

அரசப்பன் அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாவம் என்கிற எண்ணம் அதற்குப் பிறகுதான் வரும். காரைக்குடியில் பள்ளிக்கூட பெஞ்சும் கடை அலமாரியும் செய்துகொண்டிருந்த ஆசாரி அவர். வேலையில் ஒரு நூல் விலகாது. மனசு மட்டும் பாட்டின் மேலேயே கிடந்தது. சத்தியமூர்த்தி மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் ஏழு வருஷம், கடைசி வரிசையில் நின்று, சாதாரணப் பெட்டி கிடாரின் தடித்த கம்பிகளை 'தும் தும்' என்று தட்டிக்கொண்டிருந்தார். அதன் முன்னால் ஒரு மைக்கை வைப்பது என் வேலை. நான் பூமிநாதன், மைக்செட் கடைக்காரன். அந்தக் குழு போகிற இடத்துக்கெல்லாம் ஒலிபெருக்கியும் லைட்டும் என்னுடையவைதான்.

எழுபத்திரண்டாம் வருஷம் தீபாவளி கழிந்து மாஸ்டர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அரசப்பா, சினிமாப் பாட்டுல இப்ப பேஸ் கிடார்தான் பேசுது. இந்தப் பெட்டிய வச்சுக்கிட்டு இனி மேடை ஏற முடியாது. தை மாசம் கோட்டையூர்ல கல்யாணக் கச்சேரி. அதுக்குள்ள கரண்டுல பேசுற நெசமான பேஸ் கிடார் வாங்கிட்டா எடம் ஒனக்கு. இல்லேன்னா மதுரையிலேருந்து ஆளைக் கூட்டியாந்துருவேன்."

அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயசு. இந்த இடம் போனால் இன்னொரு குழு அவரைச் சேர்க்காது. அவருடைய சம்சாரம் சொர்ணவல்லி, பாட்டு சோறு போடுமா என்று தினமும் கேட்கிறவர், அவரே அன்றைக்கு இறங்கி வந்தார்.

"போயி வாங்கிட்டு வாங்க. வாங்காட்டி நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே ஒக்காந்திருப்பீக. அந்தக் கண்றாவிய யாரு பாக்குறது?"

எனக்கும் மெட்ராஸில் ஆம்ப்ளிஃபயர் வால்வு வாங்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். பழைய வாத்தியம் விற்கிற கடை, ஒரு சந்துக்குள் இருந்தது. கப்பல்காரர்கள் கொண்டுவந்து போட்ட ஜப்பான் பேஸ் கிடார் இரண்டு இருந்தன. கம்பிக்கு அடியில், மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காந்தப் பட்டை ஒன்று இருக்கும். கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். அதைப் பிக்கப் என்பார்கள். ஒரு கிடாரில் நீளமான பிக்கப் இரண்டு, தண்டவாளம் மாதிரி நேராக. இன்னொன்றில் ஒரே பிக்கப், அதுவும் இரண்டு துண்டாக, ஒன்று மேலே ஏறி ஒன்று கீழே இறங்கி இருந்தது.

கடைக்காரர் வயசானவர். துண்டுப் பிக்கப் கிடாரை எடுத்து நீட்டினார்.

"இத எடுத்துக்கோங்க. இந்த ரெண்டு துண்டுலயும் கம்பிச் சுத்து ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கு. எந்த லைட்டுக்குக் கீழ நின்னாலும் இரையாது."

அரசப்பன் அண்ணன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பலகையில் கோணல் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். பிறகு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஒடைஞ்ச பட்டைய ரெண்டா ஒட்டுப்போட்டு வச்சிருக்காரு பூமி. வரிசையில கூட நிக்கல. ஆசாரி கண்ணுலயே மண்ணத் தூவப் பாக்குறாரு."

"அண்ணே, லைட்டுன்னு என்னமோ சொல்றாகளே..."

"விக்காத சரக்குக்கு வாய் நெறையப் பேச்சு. நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். லைட் கட்டியே பிழைக்கிறவன் நான், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டாமா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தக் கடையில் பகல் வெளிச்சம்தான், ட்யூப்லைட் கிடையாது. இரண்டு கிடாரும் சுத்தமாகப் பாடின. அண்ணன் நேராக இருந்ததை எடுத்துக்கொண்டார். ஊர் வரும்வரை மடியை விட்டு அதை இறக்கவில்லை.

வீட்டில் குண்டு பல்பு. இரண்டு மாசம் அதற்கடியில் உட்கார்ந்து பழகினார், ஒரு குறையும் தெரியவில்லை. விரல் பழுத்துப் போயிற்று. "மாஸ்டர் அசந்துருவாருடா" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கோட்டையூர் செட்டியார் வீட்டுக் கல்யாணம். தாலி காலையிலேயே கட்டியாயிற்று, சாயங்காலம் கச்சேரி. மேடையைச் சுற்றி நான் முப்பத்தாறு ட்யூப்லைட் கட்டியிருந்தேன். அண்ணன் ஒயரைச் செருகியதும் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து 'ஙொய்ய்' என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. பாட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கொஞ்சம் திரும்பி நின்றால் குறைகிறது, நேராக நின்றால் ஏறுகிறது. ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏய், கிடார்க்காரருக்கு அருள் வந்துருச்சுப்பா" என்று பந்தலில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

ட்யூப்லைட்டின் உறுமலைத்தான் அந்தப் பிக்கப் வாங்கி அனுப்புகிறது, மெட்ராஸ் கடைக்காரர் சொன்னது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் மேடை லைட்டை மட்டும் அமர்த்தினேன். இரைச்சல் நின்றது. அடேயப்பா, அப்புறம் கேட்டதுதான் பேஸ்! மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் முகத்தை இருட்டில் என்னால் பார்க்க முடியவில்லை. பத்து எண்ணுவதற்குள் கல்யாண வீட்டு ஆச்சி எழுந்துவிட்டார்.

"யாருப்பா வெளக்க அமத்துனது? தாலி ஏறுன அன்னைக்கு வெளக்க அமத்துவாகளா? போடு, போடு!"

"ஆச்சி, இந்தப் பாட்டு முடியிற வரைக்கும்..."

"பாட்டு நின்னாலும் நிக்கட்டும். வெளக்கு எரியணும்."

அந்த அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அரசப்பன் அண்ணனே மேடையிலிருந்து, லைட்டைப் போடு என்று எனக்குக் கை காட்டினார். போட்டேன். இரைச்சல் திரும்பி வந்தது.

"ஒயரப் புடுங்கு" என்றார் மாஸ்டர், ஆர்மோனியத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அண்ணன் தானே பிடுங்கினார். மேடையைவிட்டு இறங்கவில்லை. மீதி ஒன்பது பாட்டுக்கும் சத்தமில்லாத கிடாரை விரல் தவறாமல் வாசித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே மெட்ராஸ் கடைக்கு எழுதிக் கேட்டேன். அந்தத் துண்டுப் பிக்கப் கிடார் எப்போதோ விற்றுப்போயிற்று என்று பதில் வந்தது. மாசியில் மாஸ்டர் மதுரையிலிருந்து ஆளைக் கொண்டுவந்துவிட்டார். பங்குனியில் அண்ணன் என் கடைக்கு வந்தார்.

"பூமி, ட்யூப்லைட் கட்டாத வீட்டுல எதாச்சும் கச்சேரி வருதா? சும்மா வாசிக்கிறேன், காசு வேணாம்."

நான் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தேன். யோசிக்க என்ன இருக்கிறது?

"லைட்டுக் கட்டாதது எழவு வீடுதாண்ணே. அங்க யாரு கச்சேரி வைக்கிறாக?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"சரி, மேடைக்குப் பலகை அடிக்க மாஸ்டர் ஆள் தேடுறாராமே. நான் வாரேன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். மாஸ்டர் உடனே சரி என்றார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தக் குழுவுக்கு மேடை போட்டவர் அரசப்பன் அண்ணன்தான். கடைசி ஆணியை அடித்து, நாலு மூலையிலும் மிதித்துப் பார்ப்பார். நான் மைக்கைச் சோதிக்க ஆரம்பிப்பதற்குள் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.