சவாசனத்தில் முழித்திருத்தல்

யோகா படிப்பிக்கிறவர் என்றால் மெலிந்திருப்பார், கோபப்பட மாட்டார், விடியற்காலையில் தானாக எழும்புவார் என்று ஊர் நம்புகிறது. இந்த மூன்றிலும் எனக்குப் பங்கில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. பின்னேரங்களில் குருக்கள்மடத்தில், வாவியைப் பார்த்த ஒரு மண்டபத்தில் நடக்கும் யோகா வகுப்புக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். படிப்பிப்பவர் நிர்மலா மிஸ். மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் திருகோணமலைக்குப் போகும்போது வகுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடவே ஒரு கேள்வியையும் வைத்தார். மட்டக்களப்பு டவுனில் யோகா ஆசிரியர் பயிற்சி தொடங்கப் போகிறது, சேர்கிறாயா இல்லையா என்று நான் திரும்பி வருமுன் சொல்லு என்றார்.

சேர ஆசைதான். ஆசையைவிடப் பயம் கூட. வகுப்பின் கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்துவோமே, சவாசனம், அதில் நான் ஒருநாளும் முழித்திருந்ததில்லை. குறட்டையும் உண்டு. படிப்பிக்கிறவர் அந்த நேரத்தில் கண்ணயர்ந்தால் வகுப்பு என்னாவது? மற்றவர்களின் வகுப்பை ஒரு நாளாவது கையில் வாங்கித் தவித்தவர்களுக்கு என் நிலை சொல்லாமலே விளங்கும்.

போனில் படித்த குரல்

முதல் நாள் வாயைத் திறந்தேன். வந்தது என் குரலில்லை. வீட்டில் நான் போனில் பார்த்துப் பழகிய வீடியோக்கள் எல்லாம் சென்னைப் பக்கத்தவை. "மெதுவா கண்ணை மூடிக்கோங்க, அப்படியே ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டு போகிறேன், முன்வரிசையில் தவராசா அண்ணனின் வயிறு குலுங்குகிறது. அவரும் மனைவி பரமேஸ் அக்காவும் வாவிக்கு அந்தப் பக்கம், அம்பிளாந்துறையில் வயல் செய்கிறவர்கள். முதுகு நோவுக்காக வருகிறார்கள்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, "சரி, எல்லாரும் இடப்பக்கம் கிறுகுங்க" என்றேன். திரும்புவதை நாங்கள் கிறுகுவது என்றுதானே சொல்வோம். மண்டபமே ஒன்றாகக் கிறுகியது. பாயைச் சுருட்டும்போது தவராசா அண்ணன் பக்கத்தில் வந்து சொன்னார்: "தங்கச்சி, நீங்க நம்மட ஆள் மாதிரியே கதைங்க. மத்தக் குரல் வந்தா, விளம்பரம் முடியட்டும் எண்டு பாத்துட்டுக் கிடக்கன்."

மெலிவதற்கு ஒரு வழி

ரஜனி வங்கியில் வேலை செய்கிற பிள்ளை. தங்கச்சியின் கல்யாணத்துக்கு முன் மெலிந்துவிட வேண்டும் என்று வந்து சேர்ந்தாள். கொஞ்சம் கடினமான ஆசனம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போவாள். சவாசனத்துக்கு மட்டும் முதல் ஆளாகப் படுத்து, கடைசி ஆளாக எழும்புவாள். கண்டிக்க வேண்டியது என் கடமை. ஆனால் அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒருநாள் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "மிஸ், கடைசியாப் படுக்கிறம்தானே, அத மட்டும் வீட்டயும் செஞ்சா மெலியாதா?"

கடைசிப் பாதை

வெயில் சாய்ந்தால் வாவித் தண்ணீரின் வெளிச்சம் ஜன்னலால் ஏறி மண்டபத்துக் கூரையில் ஆடும். அதைப் பார்த்தபடி படுத்தால் தரை மெல்ல அசைவது போலிருக்கும். அன்றைக்கு எல்லோரையும் படுக்கச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து கால்விரலிலிருந்து தொடங்கினேன். விரல் தளரட்டும், குதிகால் தளரட்டும், முழங்கால் தளரட்டும். என் குரலே எனக்குத் தாலாட்டாகிவிட்டது. இடுப்பு வரை வந்தது நினைவிருக்கிறது. பிறகு நான் தண்ணீருக்கு மேலே எங்கேயோ நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கொக்கு போனது, இருவருக்கும் கால் நனையவில்லை.

கண் முழித்தபோது மண்டபம் இருட்டிக் கிடந்தது. எல்லோரும் நல்ல நித்திரை. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். தவராசா அண்ணனையும் பரமேஸ் அக்காவையும் எழுப்பிக்கொண்டு துறைக்கு ஓடினேன். கடைசிப் பாதை நடு வாவியில் ஒரு சின்ன வெளிச்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இனிப் பட்டிருப்புப் பாலத்தால் ஊரெல்லாம் சுற்றித்தான் அவர்கள் வீடு போக வேண்டும். அங்கே மாடுகள் வேறு கட்டப்படாமல் நிற்கின்றன.

ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். பரமேஸ் அக்கா பரவாயில்லை பரவாயில்லை என்று என் கையைத் தடவினார், அது இன்னும் சுட்டது. எனக்கு இது சரிவராது, மிஸ்ஸுக்கு இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அந்தத் துறையிலேயே முடிவெடுத்தேன். ஆட்டோ கிளம்பும்போது தவராசா அண்ணன் தலையை வெளியே நீட்டினார்: "எங்களப் படுக்கச் சொன்ன சரி தங்கச்சி, உங்கள ஆரு படுக்கச் சொன்ன?"

சாந்தி டீச்சர்

சாந்தி டீச்சரின் கணவர் தவறி ஒரு வருடமாகிறது. அதற்குப் பிறகு நித்திரை இல்லை என்று அவரே சொல்லித்தான் வகுப்பில் சேர்ந்தார். சவாசனத்தில் எல்லோரும் கண்ணை மூடினாலும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கடைசிப் பாதையைத் தவறவிட்ட அன்று மட்டும் அவர் வகுப்புக்கு வந்திருக்கவில்லை. மிஸ் வருவதற்கு முதல் நாள், முழங்கால் தளரட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, டீச்சரின் வாய் இலேசாகத் திறந்தது. பிறகு மூச்சு நீளமாக வரத் தொடங்கியது.

பாதைக்கு நேரமானதும் மற்றவர்களைத் தொட்டு எழுப்பினேன். டீச்சரைக் கண்டதும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கூரையில் ஆடிய வெளிச்சம் சிவந்து, மங்கி, இல்லாமல் போனது. தூரத்தில் யாரோ வள்ளத்தில் துடுப்புப் போடும் சத்தம். என் மடியில் போன் நடுங்கியது. நிர்மலா மிஸ், பதில் கேட்கத்தான் எடுக்கிறார். நான் எடுக்கவில்லை. கதவு அடித்துவிடுமோ, நாய் குரைத்துவிடுமோ என்று ஒவ்வொன்றுக்கும் பயந்துகொண்டு அவர் பக்கத்தில் இருந்தேன். அந்த இருட்டில் எனக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. இவ்வளவு சந்தோசமாக நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

டீச்சர் அசைந்தார். விளக்கைப் போட எழும்பினேன். இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "லைட்டப் போட்டிராதீங்க மிஸ். அவர் போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் பக்கத்தில கை போட்டு ஆரையும் தேடாம நித்திர கொண்டன்."

நான் இதற்குத் தயாரா என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது, ஆனால் வெளியே வந்து மிஸ்ஸைப் போனில் கூப்பிட்டுச் சேர்கிறேன் என்று சொன்னபோது நான் நன்றாக முழித்துத்தான் இருந்தேன்.