பர்கரும் ரெண்டு மூட்டை வத்தலும்

நான் பர்கரைத் திறந்து பார்க்காமல் தின்றதே இல்லை. திருப்பூர், ஓசூர், கொச்சி என்று பிழைப்புக்காக அலைந்த ஊர்களில் எல்லாம், சுவரில் இருக்கும் படத்தையும் தட்டில் இருப்பதையும் ஒருமுறை ஒப்பிட்ட பிறகுதான் வாய் வைப்பேன். இந்தப் பழக்கம் ஆரம்பித்தது அருப்புக்கோட்டையில், நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் சமயம்.

அன்று அப்பாவும் நானும் திருச்சுழிப் பக்கமிருந்து இரண்டு மூட்டை மிளகாய் வத்தலோடு வந்திருந்தோம். அந்த வருஷம் எங்கள் காட்டில் விளைந்தது அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தோடு முடிந்துவிடும். வத்தல் நல்ல விலைக்குப் போனால் ஆறாம் வகுப்புக்கு என்னை டவுனில் சேர்த்து ஹாஸ்டலில் விடுவதாகப் பேச்சு. வத்தலை எடை போட்டு வாங்கும் கமிஷன் கடை அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று, பஸ்ஸில் வரும்போது நான் எட்டி எட்டிப் பார்த்த புதுக் கடைக்கு அப்பா கூட்டிப்போனார்.

வாசல் பேனரில் பர்கர் என் உயரம் இருந்தது. சுற்றிலும் இலை பிதுங்க, தக்காளி மூன்று அடுக்கு. தட்டில் வந்ததோ, யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்த பக்கத்தில் இலை அழகாக எட்டிப் பார்த்தது. திருப்பினேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. இருந்த ஒரே இலையையும் அரைத் துண்டு தக்காளியையும் முன்பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள்.

"எப்பா, முன்னாடி மட்டும் வச்சிருக்காக."

"அதெல்லாம் அப்படித்தான் தாயி. பேசாம தின்னு."

பஸ்ஸில் ஒரு ரூபாய் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர் இங்கே ஏன் பேசவில்லை என்று தெரியவில்லை. நானே தட்டைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போனேன்.

"அண்ணே, பின்பக்கம் எங்க?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏ பாப்பா, படம் பாக்குறதுக்கு, இது திங்கிறதுக்கு." ஆனாலும் ரெண்டு துண்டு தக்காளி கூடுதலாக வைத்துக் கொடுத்தார். கேட்டால் கிடைக்கும் என்ற பெருமையோடு கமிஷன் கடைக்குத் திரும்பினேன்.

அண்ணாச்சி மூட்டை வாயைப் பிரித்து ஒரு கை அள்ளினார். வத்தல் செக்கச்செவேல் என்று மினுங்கியது. எல்லார் மூட்டையிலும் அடிவரை கைவிட்டுப் பார்க்கிறவர், "உம்ம சரக்குல என்னத்தப் பாக்க" என்று எடை போடச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் என்ன அந்த பர்கர் கடைக்காரர் மாதிரியா?

"அண்ணாச்சி, அடியிலயும் பாருங்க. எங்கப்பா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் வப்பாரு!"

அவர் சிரித்துக்கொண்டே தோள்வரை கையை விட்டார். வெளியே வந்த கையில் இருந்ததெல்லாம் வெளுத்த வத்தல். சிரிப்பு நின்றது. "என்னய்யா, நீருமா?" என்று மட்டும் கேட்டார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

மூட்டைகள் பாதி விலைக்குப் போயின. நான் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரோ அவரை ஏமாற்றிவிட்டார்கள்.

"யாருப்பா நம்ம மூட்டையில வெளுத்ததப் போட்டது?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "மழை தாயி" என்றார்.

களத்தில் காய்ந்த வத்தல் மாசி மழையில் நனைந்தது எனக்கும் தெரியும். சாக்கை இழுத்து மூடியதே நான்தான். ஆனால் வெளுத்ததை மட்டும் பொறுக்கி எடுத்து அடியில் போட மழைக்கு எப்படித் தெரிந்தது என்று ஊர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.